அமலா வெட்டி வைத்த வெள்ளைக் கவுன்

என் அன்பிலும் என் கோபத்திலும் சரிபாதி வாங்கிக்கொண்ட அமலாவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளாக உனக்கு எழுதாமல் இருந்ததற்குத் துக்கம்தான் காரணம் என்று நினைத்துவிடாதே. கோபம். பேனாவை எடுத்தால் திட்டத்தான் வருகிறது. செத்தவளைத் திட்டக்கூடாது என்பார்கள். யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், இந்தக் கடிதத்தை நாலு பேர் படித்தால் படிக்கட்டும், நான் திட்டத்தான் போகிறேன்.

மூன்று நாள் காய்ச்சலுக்கு முப்பத்துநான்கு வயதுக்காரி சாவாளா? முதல் நாளே உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு லீவு போடச் சொன்னேன். "லீவெல்லாம் ஜெசி புதுநன்மைக்கு வச்சிக்கினு கீறேன்க்கா. இப்போ எடுத்தா அப்போ இன்னா பண்ணுவேன்?" என்று சொல்லி, ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினாய். உன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளுக்குச் சேர்த்து வைத்த அந்த லீவு நாட்கள் யாருக்கு ஆயின? நானும் அன்றைக்கு உன் கையைப் பிடித்து இறக்கியிருக்க வேண்டாமா? பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்தேனே, என்னை என்ன சொல்வது?

கம்பெனி செய்தியையும் கேட்டுக்கொள். நீ போன மறுநாள் ஷிஃப்ட் ஆரம்பத்தில் உனக்காக ஒரு நிமிடம் மௌனம் என்றார்கள். நாங்கள் தலையைக் குனிந்து நின்றோம். லைன் ஓடிக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் என் பேக்கிங் மேசையில் பதினேழு பெட்டி சேர்ந்துகிடந்தது. பன்னிரண்டு வருடம் செக்கிங்கில் உட்கார்ந்து, காருக்குள் போகிற பிளாஸ்டிக் கிளிப்பை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தவளுக்காக அந்த இயந்திரத்தை நிறுத்த மனம் வரவில்லை அவர்களுக்கு. அடுத்த வாரமே உன் ஸ்டூலில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை, பாவம். ஸ்டூல் மேல்தான் கோபம்.

சரி, நான் சொல்ல வந்தது கவுன் கதை. அதற்கு முன்னால் நம் மிஷின் கதையைச் சொல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது.

என் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த தையல் மிஷின் பத்து வருடம் மூடியே கிடந்தது. அதன் மேல் டிவி உட்கார்ந்திருந்தது. எங்கள் லைன் வீட்டுக்கு நீங்கள் குடிவந்த முதல் வாரம், ஒரு டம்ளர் சர்க்கரை கேட்டு வந்தவள் சர்க்கரையை மறந்துவிட்டு அங்கேயே நின்றாய்.

"இன்னாக்கா, மிஷின் மேல டிவிய வச்சிக்கீற? உனக்கு மனசாட்சியே இல்லியா?"

"எனக்குத் தைக்கத் தெரியாதே" என்றேன்.

"எனக்கும்தான் தெரியாது. அதுக்கு இன்னா இப்போ? கம்பெனியில கிளிப்ப பத்தி தெரிஞ்சிக்கினா சேந்தோம்?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே டிவியைச் சுவரில் மாட்ட வைத்தாய். புதுவாயல் டைலர் மேல் நமக்கு இருந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. அந்த மனிதரிடம் என் தம்பி கல்யாணத்துக்குக் கொடுத்த ஜாக்கெட், தம்பிக்குப் பிள்ளை பிறந்து பெயர் வைக்கிற அன்றைக்குத்தான் கைக்கு வந்தது. அதுவும் மூச்சு விட்டால் கொக்கி தெறிக்கிற மாதிரி. கேட்டதற்கு, "நீங்க கொஞ்சம் குண்டாயிட்டீங்க" என்றாரே! அவர் ஒழுங்காக நாளோடு கொடுத்திருந்தால் நான் ஏன் குண்டாகிறேன்?

போன் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். நான் முதலில் தைத்த நைட்டியை மாட்டிக்கொண்டு உன் முன்னால் வந்து நின்றதும் நீ சொன்னதை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். "கழுத்தாக்கா இது? கெணறு. வாளிய வுட்டா தண்ணி வரும்." சொல்லிவிட்டு, சிவப்புச் சாக்பீஸை எடுத்து என் நெஞ்சிலேயே ஒரு பெருக்கல் குறி போட்டாய். நம் கம்பெனியில் தேறாத பீஸுக்கு என்ஜி என்று பெயர். வீட்டிலும் நீ செக்கிங்தான். என் மயில் போட்ட சுடிதாரில் பின்பக்கத்து மயிலெல்லாம் தலைகீழாக நின்றபோது என்ஜி. பாவாடை நாடாவுக்கு ஓட்டை விடாமல் சுற்றித் தைத்துவிட்டபோது என்ஜி. "அரை இன்ச்தானே வித்தியாசம், விடேன்" என்று கெஞ்சினால், "அரை இன்ச்சு உட்டா கார்ல கதவு மூடாதுக்கா" என்பாய். என் பாவாடைக்கும் கார் கதவுக்கும் என்னடி சம்பந்தம்?

நீ மட்டும் என்ன? ஒரு நாள் தைத்து முடித்து எழுந்தவள் மிஷினையும் இழுத்துக்கொண்டு எழுந்தாய். தலையணை உறையோடு நீ உடுத்தியிருந்த நைட்டியையும் சேர்த்துத் தைத்திருந்தாய். பிரிக்கவும் முடியாமல் சிரிப்பை அடக்கவும் முடியாமல் நாம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். கத்திரி எடுக்கப் போன ஜெசி பயந்துபோய் உன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்புறம் இந்த அக்கம்பக்கம். வீட்டில் மிஷின் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், யாருக்கும் வெட்கமே கிடையாது. "சும்மா ஒரு தையல்தான்" என்று வருவார்கள். சும்மா ஒரு தையல் என்றால் அவர்களே போட்டுக்கொள்ள வேண்டியதுதானே? புடவைக்கு ஃபால்ஸ், பேன்ட்டுக்கு உயரம் குறைப்பு, ஸ்கூல் பைக்கு வார். ஏ ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்து ஒரு வாய் சோறு தின்பதற்குள் வாசலில் நாலு பை நிற்கும். நீ ஒருத்திதான் தைரியமாகச் சொல்வாய்: "மிஷின் ரிப்பேரு." இப்போது அந்தப் பொய்யை நான்தான் சொல்கிறேன். ஆனால் எனக்கு உன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, மாட்டிக்கொள்கிறேன்.

கவுனுக்கு வருகிறேன்.

தீபாவளி முடிந்த வாரம் வண்ணாரப்பேட்டை போய் வெள்ளை சாட்டினும் நெட்டும் வாங்கி வந்தாய். அடுத்த மே மாதப் புதுநன்மைக்கு இப்போதே எதற்கடி என்று கேட்டேன். "கடைசி நேரத்துல ஓடுனா பேஜாரு. இப்போ வெட்டி வச்சிட்டா மெதுவா தைக்கலாம். வளர்ற புள்ள, உள்ள மூணு விரல் துணி வுட்டு வெட்டிடறேன்" என்றாய். என் வீட்டுத் தரையில்தான் விரித்து வெட்டினாய். அப்போது நான் பி ஷிஃப்ட், உன் கூட இல்லை. வெட்டியதைச் சுருட்டி, துணியின் கரையைக் கிழித்துக் கட்டி, ஒரு பையில் போட்டு மிஷினுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாய். பத்து நாளில் நீயே போய்விட்டாய்.

அந்தப் பையை நான் ஐந்து மாதம் தொடவில்லை. மிஷினையும் தொடவில்லை. மறுபடியும் அதன் மேல் எதையாவது வைத்துவிடுவேன் போலிருந்தது.

உயிர்த்த ஞாயிறு கழிந்து ஊத்துக்கோட்டையிலிருந்து உன் நாத்தனார் லூர்து வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ரெடிமேடு வெள்ளைக் கவுன். நான் பையை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணி, அமலா கவுனுக்கு வெட்டி வச்சிட்டுத்தான் போயிக்கீறா. நான் தச்சுத் தர்றேன்."

"இன்னா கௌரி பேசற நீ? செத்தவ கத்திரி வச்ச துணிய நல்ல காரியத்துக்குப் போடுவாங்களா? புள்ளைக்கு ஆவுமா அது?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது, அமலா. "செத்தவ வெட்டுன துணி ஆவாதுன்னா, செத்தவ பெத்த புள்ள மட்டும் எப்படி அண்ணி ஆவும்? அதையும் வேணான்னு சொல்லிடுங்களேன்" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஜெசி உள்ளேதான் இருந்தாள். ஆனால் கேட்டாகிவிட்டது.

உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க." தேர்வாய் கண்டிகையில் அத்தனை பெரிய ஃபோர்க்லிஃப்டை ஓட்டுகிற மனிதருக்குத் தன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் அவரை ரொம்பவும் திட்ட முடியவில்லை. சட்டையில் இரண்டு பித்தானைக் காணோம், அதைக் கூடக் கவனிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குள் ஜெசி வெளியே வந்தாள். "அம்மா வெட்டுனதா?" என்று மட்டும் கேட்டாள். பையை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நான் இதத்தான் போடுவேன்."

லூர்து அண்ணி தான் கொண்டுவந்த கவரை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, "சரி, தை. நான் வந்து பாப்பேன். கோயில்ல நாலு பேரு முன்னாடி புள்ள கோணலா நிக்கக் கூடாது. கோணலா இருந்தா ரெடிமேடுதான், அப்புறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார். நானும் ஜம்பமாக, "கோணலா இருந்தா நானே அத மாட்டி வுடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்? வெட்டியது நீ என்கிற தைரியத்தில். நீ வெட்டியதில் என்றைக்காவது தப்பு இருந்ததா?

முன்பக்கம், பின்பக்கம், லைனிங், நெட் அடுக்கு எல்லாம் அப்படி அழகாகச் சேர்ந்தன. உன் சாக்பீஸ் கோட்டின் மேலேயே தையல் ஓடியது. ஜிப் ஒரு முறை தப்பாகி, பிரித்துத் திரும்பப் போட்டேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். கடைசியாகக் கை வைக்கப் போனேன்.

இடது கை சேர்ந்தது. வலது கை சேரவில்லை. இழுத்துப் பார்த்தேன், குண்டூசி குத்தி நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன், வரவே இல்லை. அப்புறம் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன், அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. ஒன்றாக இருக்கவே கூடாது, அமலா! முன்பக்கம் கொஞ்சம் குழித்தும் பின்பக்கம் கொஞ்சம் மேடாகவும் வெட்டுவது கை. ஒன்றுக்கு ஒன்று எதிராக இருந்தால்தான் ஜோடி. இரண்டையும் இடது கையாகவே வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். சாட்டினில் ஒரு பக்கம்தான் பளபளப்பு, திருப்பியும் போட முடியாது.

எவ்வளவு திட்டினேன் தெரியுமா உன்னை? என் ஒவ்வொரு நூலுக்கும் என்ஜி போட்டவளே, உன்னை யார் செக் பண்ணுவது? துணியை இரண்டாக மடித்து வெட்டினால் ஜோடி தானாக வருமே, அது கூடவா மறந்துபோனது உனக்கு? மீதித் துணி அகலம் பற்றாமல் ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறாய் என்பது கோட்டைப் பார்த்தால் தெரிந்தது. சரி, அப்படியே இருந்தாலும் இரண்டாவதைத் திருப்பி வைக்க வேண்டாமா? நீயா இப்படிச் செய்தாய்?

பதில் மறுநாள் கம்பெனியில் கிடைத்தது. செக்கிங் முடிந்த ட்ரே என் மேசைக்கு வந்தது. ஐம்பது கிளிப், ஐம்பதும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு. புதுப் பெண்ணிடம் லைன் லீடர் கத்திக்கொண்டிருந்தார்: "ஒண்ணு திரும்பிக்கினு இருந்தாலும் ட்ரே ரிஜெக்ட்டும்மா! எல்லாம் ஒரே பக்கம் பாக்கணும்." கையில் எடுத்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருடம், ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முறை, எடுத்த பீஸை முந்தின பீஸ் பார்க்கிற பக்கமே வைத்து வைத்துப் பழகிய கை. கவுனின் முதல் கைத்துண்டு எப்படிக் கிடந்ததோ அதே மாதிரிதான் இரண்டாவதையும் வைத்திருக்கும். உன் மகளின் துணி என்று அதற்கு எப்படித் தெரியும்?

அதுவரை உன் மேல் இருந்த கோபம் எங்கே திரும்பியது என்று நான் சொல்ல வேண்டுமா? எட்டு மணி நேரத்தைக் கொடுத்தோம், அதோடு சரி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம். வீட்டுத் தரையில் உட்கார்ந்து சொந்தப் பிள்ளைக்குத் துணி வெட்டும்போதும் நம் கை அவர்களுக்கே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது? கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஐந்து நிமிடத்தில் லைன் லீடர் ஆள் அனுப்பிவிட்டார்.

வலது கையைப் புதிதாக வெட்ட அதே துணி கிடைக்குமா என்று, கவுன் கையைத் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டி கடைவீதி முழுக்க அலைந்தேன். வெள்ளை என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். பால் வெள்ளை, நீலம் கலந்த வெள்ளை, சந்தன வெள்ளை என்று கடைக்காரர்கள் எடுத்துப் போட்டதில் ஒன்று கூட உன் வெள்ளையோடு சேரவில்லை. நெட் கொஞ்சம் மீதி இருந்தது. இரண்டு கையையும் எடுத்துவிட்டு நெட்டிலேயே கை வைத்துவிடலாம், யாரும் குறை சொல்ல முடியாது என்று முடிவு செய்தேன். இருந்தாலும் போடுகிறவளிடம் மறைக்கக் கூடாது என்று ஜெசியை உட்கார வைத்து இரண்டு கையையும் காட்டினேன்.

அவள் இரண்டையும் தன் மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். பத்து வயதுப் பிள்ளை, அழுவாளோ என்று பயந்தேன்.

"அம்மா தப்பா வெட்டிட்டாங்களா?"

"ஆமாண்டா கண்ணு."

"நெட்டு வச்சா இந்தக் கைய இன்னா பண்ணுவீங்க?"

"எடுத்து வச்சிடலாம்."

"வேணாம். இதையே வைங்க. அத்தைக்கு மட்டும் சொல்லாதீங்க."

இடது கையைக் கொண்டுபோய் வலது தோளில் மாட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை, அமலா. சுருக்கத்தைக் கொஞ்சம் கூட்டி, பஃப்பைக் கொஞ்சம் தூக்கி, நாலு முறை பிரித்து, ஒரு வழியாக உட்கார வைத்தேன். சும்மா நின்றால் தெரியாது. கையை முன்னால் கொண்டுவந்தால் வலது தோளின் பின்பக்கம் பிடித்து இழுக்கும். இதை நீ பார்த்திருந்தால் கவுன் முழுக்கச் சிவப்புக் கோடு போட்டிருப்பாய்.

புதுநன்மைக்கு முந்தின நாள் சனிக்கிழமை லூர்து அண்ணி சோதனைக்கு வந்தார். கவுனை உள்வெளியாகத் திருப்பினார். உள்ளே நீ விட்ட மூன்று விரல் துணியைப் பிடித்துப் பார்த்தார். "கழுத்து சரியா கீது" என்றார், ஏதோ கடனுக்குச் சொல்கிற மாதிரி. பிறகு விரல் நேராக வலது தோளுக்குப் போனது.

"இன்னா, இங்க மட்டும் சுருங்கிக்கினு கீது?"

"பஃப்பு அப்படித்தான் அண்ணி இருக்கும்" என்றேன். ஜெசி கவுனை மாட்டிக்கொண்டு வந்து, கையைப் பக்கவாட்டில் விறைப்பாக வைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள். அண்ணி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். "கசங்காம கழட்டி வை" என்று மட்டும் ஜெசியிடம் சொன்னார். ஆனால் மறுநாள் கோயிலுக்கு அந்த ரெடிமேடு கவுனையும் பிளாஸ்டிக் கவரோடு தூக்கிக்கொண்டு வந்தார், எதுக்கும் இருக்கட்டும் என்று! பூசை முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் ரத்தம் கொதித்தது.

உங்கள் பூசையில் எப்போது எழுவது, எப்போது முழங்கால் போடுவது என்று தெரியாமல், முன்னால் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன். இருபத்தாறு பிள்ளைகள், எல்லாருக்கும் தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி. உன் பெண் நாலாவது வரிசை. கை கூப்பினாள். நான் பயந்தது போலவே வலது தோளுக்குப் பின்னால் துணி இழுத்துக்கொண்டு ஒரு பெரிய மடிப்பு விழுந்தது. கடைசி பெஞ்சிலிருந்து எனக்கே தெரிந்தது என்றால் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஓடிப்போய் இழுத்துவிடலாமா என்று கை பரபரத்தது. சாமியார் நற்கருணையைத் தூக்கிப் பிடித்தபோது கூட நான் அந்த மடிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் சாமி மன்னிக்கட்டும்.

வெளியே வந்ததும் முதல் வேலையாக அவளைப் பிடித்தேன். பக்கத்திலேயே லூர்து அண்ணி, கையில் கவர்.

"கண்ணு, தோளு ரொம்ப இறுக்கிச்சா? வலிச்சுதா?"

"இல்ல பெரிம்மா" என்றாள். இத்தனை வருடம் ஆன்ட்டி என்று கூப்பிட்டவள். "கை கூப்புறப்பல்லாம் பின்னாடி யாரோ தோளப் புடிச்சிக்கினே இருந்தாங்க. அம்மாதான்னு நெனச்சிக்கினு நான் கைய எறக்கவே இல்ல."

லூர்து அண்ணி கவரை என் கையில் திணித்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கோயில் சுவர் பக்கம் போய் நின்றுவிட்டார். அவரோடு என் சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அவர் சொன்ன வார்த்தை சொன்ன வார்த்தைதான். ஆனால் அவரைத் தனியாக நிற்க விடவும் முடியவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

போன வாரம் அவரே போன் செய்தார். "அந்தக் கைய நம்ம ஊரு டைலர்ட்ட குடுத்து சரி பண்ணிடலாமா கௌரி?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "நானும் அதான் நெனச்சேன்" என்றார்.

உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இதுதான், அமலா. நீ உள்ளே விட்ட மூன்று விரல் துணியை அவள் வளர வளர நான் பிரித்து விடுவேன். அகலம் பற்றாத காலம் வந்தால் பக்கத்தில் வேறு வெள்ளை வைத்துத் தைப்பேன், சேராவிட்டாலும் பரவாயில்லை. அந்த வலது கையை மட்டும், நீயே எழுந்து வந்து தப்பு என்று சொன்னாலும், நான் பிரிக்க மாட்டேன்.

இன்னும் கோபம் தீராத உன் அக்கா,
ஜெசியின் பெரியம்மா,
கௌரி